ஒட்டிக்கொண்ட முள்

நான்காம் அத்தியாயம்

காலை ஆறு மணிக்கு ஒரு பெண்பிள்ளை அழுதுகொண்டு வந்து கதவைத் தட்டினால் அன்றைக்குப் பலகாரம் கிடைக்காது என்பது பேச்சிமுத்து அனுபவத்தில் கண்ட உண்மை. ஆகவே அந்த வெள்ளிக்கிழமை, வாசலில் ஜெயக்கொடி மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றதைப் பார்த்ததுமே அவன் தன் வயிற்றைத் தடவி அதற்கு ஆறுதல் சொல்லிவிட்டான்.

பேச்சிமுத்து நாடகக் கம்பெனியில் பதினைந்து வருஷம் பபூன் வேஷம் கட்டியவன். கம்பெனி படுத்த பிறகு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து இசக்கியம்மாளிடம் ஒட்டிக்கொண்டான். இசக்கியம்மாளோ பெண்கள் ஜெயிலில் இருபத்திரண்டு வருஷம் வார்டராக இருந்து பென்ஷன் வாங்கியவள். திருடுகிறவர்களின் மனசு அவளுக்குத் தன் வெற்றிலைப் பெட்டி மாதிரி பழக்கம். ஊரில் களவு போனால் போலீசுக்குப் போவதற்கு முன்னால் அவளிடம் வருகிறவர்கள் சிலர்; போலீசுக்குப் போய்ப் பட்ட பிறகு வருகிறவர்கள் பலர். ஜெயக்கொடி இரண்டாம் ரகம்.

அவள் மம்சாபுரத்துக்காரி. புருஷன் எலியேசர் ஈ கட்டுகிறவன். இதைக் கேட்டதும் பேச்சிமுத்து, எங்கள் வீட்டு ஈயெல்லாம் கட்டாமல்தான் அலைகிறது, வந்து கட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள் என்றான். இசக்கியம்மாள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் பெரிய பெரிய கொலைகாரிகளே சோற்றுத் தட்டைக் கழுவி வைத்திருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். வெள்ளைக்காரத் துரைமார் மலையில் மீன் பிடிக்கும்போது மண்புழுவைத் தொடுவதில்லை. தொட்டால் தீட்டு போல. அரிசி அளவு தூண்டில் முள்ளில் காட்டுச் சேவலின் கழுத்து இறகை வைத்துப் பட்டு நூலால் சுற்றி, ஈ மாதிரி செய்து தண்ணீரில் போடுகிறார்கள். மீனும் அதை நம்பிக் கவ்வுகிறது. எலியேசர் முந்தின யுத்தத்தில் பட்டாளத்துத் தையற்காரனாக பாஸ்ரா போனபோது ஒரு கேப்டனிடம் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டு வந்தான். இப்போது மம்சாபுரத்தில் உட்கார்ந்து கட்டி, கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் தபாலில் அனுப்புகிறான். அதனால் ஊரில் அவனுக்கு ஈக்கட்டி என்றே பெயர்.

அந்த ஈக்கட்டியைத்தான் நேற்று சாயங்காலம் ராஜபாளையம் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் அங்கே ஒரு பருத்தி ஜின்னிங் பாக்டரியின் ஆபீஸ் அறையிலிருந்து, முதலாளி ராஜா தன் மகள் கல்யாணத்துக்கு வாங்கி வைத்திருந்த வைர அட்டிகை காணாமல் போனது. சாப்பாட்டு வேளை, கதவு பூட்டியபடியே இருந்தது. இரும்புப் பெட்டி ஜன்னலை ஒட்டி இருந்தது. கம்பிக்குள் கையை விட்டால் அதன் பூட்டு எட்டும். ஆனால் பெட்டிச் சாவி எதிர்ச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. களவுக்குப் பிறகு சாவி பெட்டியிலேயே இருந்தது. ஜன்னல் கம்பியில் ஓர் இறகு ஈ, அறுந்த நூலோடு மாட்டிக்கொண்டு இருந்தது. எவனோ ஜன்னலுக்கு வெளியே நின்று தூண்டில் போட்டுச் சாவியைப் பிடித்திருக்கிறான் என்று போலீஸ் முடிவு கட்டியது. அந்த ஜில்லாவில் ஈ கட்டுகிற ஆள் ஒருவன்தான்.

"இன்னைக்கு மூணு மணிக்கு இங்க வில்லிபுத்தூர் கோர்ட்டுக்குக் கொண்டு வாறாவளாம் அக்கா. பொறவு ஜெயிலாம்" என்றாள் ஜெயக்கொடி.

இசக்கியம்மாள் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டாள். "ஜெயில்ல தேங்கா மட்டை அடிக்கணும். ஆறு மாசம் அடிச்ச விரலு சோறு பிசையும். பட்டு நூலு பிடிக்காது."

ஜெயக்கொடிக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அவள் அழுகையை நிறுத்திவிட்டு, இடுப்பில் வைத்திருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினாள். உள்ளே எலியேசர் கட்டி முடித்த ஈக்களும், கட்டாத முட்களும் பொட்டலம் பொட்டலமாக இருந்தன. கூடவே ஒரு மெல்லிய ஊசி. அந்த ஊசி எதற்கு என்று இசக்கியம்மாள் கேட்டாள். புது முள் வந்தால் ஒவ்வொன்றையும் அந்த ஊசியில் தொட்டுப் பார்ப்பது அவன் வழக்கமாம். ஊசி ஒட்டிக்கொண்டு எழும்பினால் அந்த முள்ளில் காந்தம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம்; அதைத் தூக்கிக் குப்பையில் எறிந்துவிடுவான்.

"ஒட்டுற முள்ளு பத்தும் பந்தா சுருண்டுக்கிடும் அக்கா. ஒண்ணப் பிரிச்சா ஒம்பதுக்கு இறகு பிஞ்சிரும். கத்திரிய கிட்ட கொண்டு போனா முள்ளு அங்கிட்டுச் சாயும், கட்டு கோணும். பாஸ்ராவுல ஒரு பெட்டி முள்ளு அப்படிக் கெட்டுப்போயி, அந்த கேப்டன் இவியளப் பேசாத பேச்சுப் பேசியிருக்கான். அதுல இருந்து அவியளுக்கு அது ஒரு கிறுக்கு."

இசக்கியம்மாள் டின்னைத் தன் பையில் வைத்துக்கொண்டாள். பேச்சிமுத்துவைப் பார்த்து, சட்டையை மாட்டு என்றாள். ராஜபாளையத்தில் இட்லி சாப்பிட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவன் ரயிலேறினான்.

ராஜபாளையம் ஸ்டேஷனில் அவர்கள் இறங்கிப் பிளாட்பாரத்தைத் தாண்டுவதற்குள் பாக்டரிச் சங்கு நீளமாக ஊதியது. அது ஒன்பது மணிச் சங்கு என்று மூட்டை தூக்குகிறவர் சொன்னார். பேச்சிமுத்துவுக்கு வந்தது கோபம். எட்டு இருபத்திரண்டுக்கு வர வேண்டிய வண்டி ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்தால் மனுஷன் எப்போது சாப்பிடுவது? ஸ்டேஷன் மாஸ்டரைப் பிடித்துக்கொண்டு, ரயிலுக்கு முன்னால் ஒரு மாட்டைக் கட்டினால் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வருமே என்று யோசனை சொன்னான். மாஸ்டர் சாதுவான மனுஷர். சுவர்க் கடிகாரத்தைக் கையால் காட்டினார். மணி எட்டு இருபத்தாறு.

"நீரு ரெண்டாவது ஆளு. ஏற்கெனவே ஒருத்தர் வண்டி லேட்டுனு தினம் எனக்குக் கடிதாசி எழுதுதாரு" என்றார் மாஸ்டர்.

உம்முடைய கடிகாரமும் உம்முடைய வண்டியும் அண்ணன் தம்பி, ஒன்றை ஒன்று காட்டிக்கொடுக்காது என்று சொல்லிவிட்டு பேச்சிமுத்து வெளியே நடந்தான். இசக்கியம்மாள் மட்டும் அந்தச் சுவர்க் கடிகாரத்தைச் செத்த நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

எதிரே இருந்த காப்பிக் கிளப்பில் இட்லி வேகவில்லை. கடைக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். சங்கு ஊதியதும் சாப்பிட வரும் பாக்டரி ஆட்களுக்காக அவர் வெயிலைப் பார்த்து முக்கால் மணி நேரம் முன்னாலேயே அடுப்பு மூட்டுவது வழக்கம். புதன்கிழமை அவர்கள் வந்தபோது இட்லி அரை வேக்காடு. நேற்று வெறும் மாவு. இன்று அவர் மாவை ஊற்றுவதற்கு முன்னாலேயே சங்கு ஊதிவிட்டதாம். நாளைக்கு வந்தால் அரிசி கொடுப்பீராக்கும் என்று கேட்டான் பேச்சிமுத்து. கடைக்காரர் சிரிக்கவில்லை. இரண்டு காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். பேச்சிமுத்து அந்த ஊரையே மனசுக்குள் திட்டிக்கொண்டு நடந்தான்.

சப் இன்ஸ்பெக்டர் முத்துவீரன் நல்லவர்தான். ஆனால் ஒரு கேஸ் முடிந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றிவிட்டால் அதைத் திரும்பத் திறக்க யானை வேண்டும். தீப்பெட்டிக்குள் வைத்திருந்த தடயத்தைப் பெருமையாக எடுத்துக் காட்டினார். சாம்பல் இறகு, மஞ்சள் பட்டு நூல், நகத்தில் பாதி அளவு முள். அதை மேஜையில் வைத்தபோது பக்கத்தில் காகிதத்தில் குத்துவதற்காகக் கிடந்த குண்டூசி ஒன்று சட்டென்று நகர்ந்து வந்து ஒட்டிக்கொண்டது. முத்துவீரன் அதைப் பிய்த்துப் போட்டார். அது திரும்ப வந்து ஒட்டியது. குண்டூசிக்கும் கேஸ் பிடித்துப்போய்விட்டது என்றான் பேச்சிமுத்து.

இசக்கியம்மாள் அதை எலியேசரிடம் காட்ட வேண்டும் என்றாள். லாக்கப்பில் இருந்த எலியேசர் ஒல்லியான மனுஷன். கம்பி வழியாக அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தான். எஸ்.ஐ. பக்கத்தில் நிற்கிறாரே, கொஞ்சம் யோசித்துப் பேசுவோம் என்கிற சாமர்த்தியம் அவனிடம் மருந்துக்கும் இல்லை.

"கட்டு என்னோடது. முள்ளும் நான் வாங்குன முள்ளுதான்" என்றான். முத்துவீரன் முகம் மலர்ந்தது. எலியேசர் அந்தக் குண்டூசியைக் கண்டதும் முகம் சுளித்தான். "இந்த ஒட்டுற குணம் என்னோடது இல்லம்மா. என் கைய விட்டுப் போன பொறவு எவனோ இதக் கெடுத்திருக்கான்."

செவ்வாய்க்கிழமை பாக்டரிக்குப் போனாயா என்று இசக்கியம்மாள் கேட்டாள். காலையில் போனதை அவன் ஒப்புக்கொண்டான். ஈயின் உடம்பில் சுற்ற மெல்லிய தாமிரக் கம்பி வேண்டும். பழைய டைனமோ சுருளில் கிடைக்குமா என்று கேட்கப் போயிருக்கிறான். மேனேஜர் சின்னத்துரை துரத்திவிட்டாராம். அந்தச் சின்னத்துரைதான், இவன் ஜன்னலையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றான் என்று போலீசிடம் சாட்சி சொன்னவர். வேறு யாருக்கு உன் ஈயைக் கொடுத்தாய் என்றதற்கு, எல்லாம் தபாலில்தான் போகும், உள்ளூரில் வாங்குகிறவன் அருளப்பன் ஒருத்தன்தான் என்றான். அருளப்பன் அதே பாக்டரியில் மெஷின் ரிப்பேர் பார்க்கும் பிட்டர்.

எஸ்.ஐ.யையும் தீப்பெட்டியையும் கிளப்பிக்கொண்டு பாக்டரிக்குப் போவதற்குள் இசக்கியம்மாளுக்கு நாக்கு வறண்டுவிட்டது. வரமாட்டேன் என்றவரை, கோர்ட்டில் அந்தக் குண்டூசி ஒட்டினால் மாஜிஸ்திரேட் என்ன கேட்பார் என்று சொல்லித்தான் கிளப்பினாள்.

பாக்டரி வாசலில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதற்குள் பனங்காய் அளவில் ஒரு லாடக் காந்தம். காந்தம் முழுக்கச் சாவி, ஊக்கு, கத்தரி, பாக்குவெட்டி என்று ஒட்டிக்கொண்டு இருந்தன. பருத்திக்குள் ஒரு துண்டு இரும்பு போய்விட்டால் கொட்டை பிரிக்கும் ஜின் மெஷினில் அடிபட்டுப் பொறி பறக்கும். பொறி பறந்தால் சரக்குக் கிட்டங்கி முழுக்கப் பஞ்சு, அப்புறம் சாம்பல்தான். போன வருஷம் ஒருவன் செருப்பாணி விழுந்து பாதிக் கிட்டங்கி எரிந்துபோனது. அன்றிலிருந்து உள்ளே போகிறவர்கள் மடியில் உள்ள இரும்பையெல்லாம் வாசல் காந்தத்தில் ஒட்ட வைத்துவிட்டுப் போக வேண்டும், திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம். பேச்சிமுத்து தன் அரைஞாண் சாவியை ஒட்ட வைத்தான். அது டக்கென்று போய் அப்பிக்கொண்ட வேகத்தைப் பார்த்து அவனுக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

மேலே ஒரு போர்டு: 'கைக்கடிகாரம் கட்டியவர்கள் காந்தத்துக்கு இரண்டு முழம் தள்ளி நிற்கவும். மேனேஜர்.' இதை யார் எழுதினார்கள் என்று இசக்கியம்மாள் காவல்காரரிடம் கேட்டாள். மேனேஜரே எழுதியதுதான், அவர் ஒருத்தரிடம்தானே கைக்கடிகாரம் இருக்கிறது என்றார் காவல்காரர். அவர் கடிகாரத்தை வைத்துத்தான் சங்கு. சங்கை வைத்துத்தான் ஊர். வாராவாரம் திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போய் மணியைச் சரிபார்த்துவிட்டு வருவாராம். அதற்கப்புறம் ஏழு நாளைக்கு வேறு கடிகாரத்தை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்.

அருளப்பன் கையில் கிரீசோடு வந்தான். தூண்டில் ஈ என்ற வார்த்தையைக் கேட்டதுமே அவன் முகம் செத்துவிட்டது. தினமும் விடியற்காலையில் கண்மாயில் மீன் பிடித்துவிட்டு அப்படியே வேலைக்கு வருகிறவன் அவன். தொப்பியில் செருகிய ஈயை வாசல் காந்தத்தில் ஒட்ட வைப்பான். பாக்டரி ஆட்கள் அதைப் பார்த்துக் கேலி பண்ணுவது எல்லாருக்கும் தெரியும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்து பார்த்தபோது ஈ இல்லை. மறுநாள்தான் அது எங்கே கிடைத்தது என்று கேள்விப்பட்டான்.

"சொன்னா என்னப் பிடிச்சு உள்ள போடுவாவனு பயந்துட்டேன். மூணு பிள்ளைய இருக்கு" என்றான். "ஈக்கட்டி அண்ணன் உள்ள இருக்காருனு தெரியும். நேத்து சோறு இறங்கல."

இசக்கியம்மாள் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று பேச்சிமுத்துவுக்குத் தோன்றியது. முத்துவீரன் மட்டும் சுறுசுறுப்பாகி, அப்படியானால் இவனையே பிடித்துக்கொள்ளலாமே என்றார். ஒரு ஆளை விட்டுவிட்டு இன்னொரு ஆளை உள்ளே போடுவதில் அவருக்கு எந்தக் கஷ்டமும் இல்லை; எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். முதலில் ஒரு தடவை மீன் பிடித்துப் பார்ப்போம், பொறவு ஆளைப் பிடிக்கலாம் என்றாள் இசக்கியம்மாள்.

அந்த வேலை பேச்சிமுத்து தலையில் விழுந்தது. ஜெயக்கொடியின் டின்னிலிருந்து அதே அளவு ஈ ஒன்றை எடுத்து, நூலில் கட்டி, மூங்கில் கழியில் மாட்டி, ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றான். எதிர்ச் சுவரில் ஆணியில் பெட்டிச் சாவி தொங்கியது. கரண்டிக் கனம் இருக்கும் அந்தச் சாவி. முதல் வீச்சில் காலண்டர் கிழிந்தது. இரண்டாவதில் முதலாளி ராஜாவின் தலைப்பாகை மாட்டிக்கொண்டது. ராஜா தெலுங்கில் ஏதோ சொன்னார். நல்ல வேளையாக அவனுக்குப் புரியவில்லை. ஏழாவது வீச்சில் முள் சாவி வளையத்தில் மாட்டியது. இழுத்தான். சாவி ஒரு அங்குலம்கூட எழும்பவில்லை. முள் மட்டும் நிமிர்ந்து வெறும் கம்பியாகி அவன் கைக்கு வந்து சேர்ந்தது.

"அரிசி முள்ளு அயிரை மீனுக்கு. இம்பூட்டுச் சாவிய இது தூக்காது" என்றாள் இசக்கியம்மாள். "ஜன்னல்ல கிடந்த முள்ளு நிமிரவும் இல்ல, வளையவும் இல்ல. அதுல சாவியே மாட்டல. அத யாரோ கொண்டாந்து வச்சிருக்காவ."

ராஜா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். தூண்டில் பொய் என்றால், திருடன் கதவைத் திறந்துதான் வந்திருக்க வேண்டும். கதவுச் சாவி இரண்டே பேரிடம்தான் இருந்தது. ஒன்று அவர் மடியில். இன்னொன்று மேனேஜர் சின்னத்துரையிடம்.

சின்னத்துரை அங்கேயே நின்றார். மடிப்புக் கலையாத கோட்டு, வலது கையில் குடை, இடது மணிக்கட்டில் துரைமார் பரிசாகக் கொடுத்த தங்கக் கடிகாரம். அவர் கொஞ்சமும் அசரவில்லை. தன் சாவியை எந்தத் தொழிலாளியாவது திருடிப் போலிச் சாவி செய்திருப்பான் என்றார். வாசல் காந்தத்தைக் கடந்து இருநூறு பேர் போகிறார்கள். ஈயை எடுத்தது யாரென்று எப்படிச் சொல்வது என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். பேச்சிமுத்துவுக்கு ஜெயக்கொடி காலையில் டின்னைத் திறந்து காட்டிய விதம் ஞாபகம் வந்து தொலைத்தது.

இசக்கியம்மாள் அவன் பக்கம் திரும்பினாள். "ஏலே பேச்சி, நீ ஸ்டேஷன் மாஸ்டர்ட்ட மன்னிப்புக் கேக்கணும். போய்க் கேட்டுட்டு, அவருக்கு வந்த கடிதாசியளையும் வாங்கிட்டு வா."

மன்னிப்புக் கேட்பது பேச்சிமுத்துவுக்குப் பழக்கமில்லாத வேலை. ஆனாலும் ஓட்டமும் நடையுமாகப் போய், மாஸ்டர் காலைத் தொடாத குறையாகக் கேட்டு, மூன்று காகிதங்களோடு திரும்பினான். அழகான கையெழுத்து. புதன்கிழமை: எட்டு இருபத்திரண்டு வண்டி பத்து நிமிஷம் லேட். வியாழன்: இருபத்திரண்டு நிமிஷம் லேட். வெள்ளி: முப்பத்துநான்கு நிமிஷம் லேட், ரயில்வே நிர்வாகம் உருப்படாது. மூன்றிலும் கீழே கையெழுத்து: சின்னத்துரை, மேனேஜர்.

இசக்கியம்மாள் அவற்றை அவர் முன்னால் விரித்தாள். இது தாங்கள் எழுதியதா என்று மரியாதையாகக் கேட்டாள். ஆமாம், வண்டி கூவுகிற சத்தம் கேட்டதும் கடிகாரத்தைப் பார்ப்பது என் வழக்கம் என்றார் சின்னத்துரை. அந்தக் கடிதங்களைப் பற்றி அவருக்குப் பெருமைதான்.

"திங்கக்கிழமை எம்புட்டு லேட்டு?"

"திங்கக்கிழமை சரியா வந்துச்சு. செவ்வாக்கிழமையும் சரியா வந்துச்சு. பொறவுதான் கெட்டுப்போச்சு."

"செவ்வாக்கிழமை காலை வரைக்கும் சரியா வந்த வண்டி, அந்தக் களவுக்கு மறுநாளு பத்து நிமிசம், பொறவு தினம் பன்னிரண்டு நிமிசமா லேட்டாகுது" என்றாள் இசக்கியம்மாள். "அதே பன்னிரண்டு நிமிசம் உம்ம சங்கு தினம் முந்துது. இன்னைக்கு ஒம்பது மணிச் சங்கு எட்டு இருபத்தாறுக்கே ஊதிட்டு, கிளப்புக்காரன் இட்லி வேகல. கெட்டது வண்டி இல்ல அய்யா. உம்ம கடிகாரம்."

பேச்சிமுத்துவுக்கு வாசலில் பார்த்த போர்டு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. காந்தத்துக்குப் பக்கத்தில் போனால் கடிகாரத்துக்குள் இருக்கும் மயிரிழை மாதிரியான எஃகுச் சுருளின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கடிகாரம் தலைதெறிக்க ஓடும். அது தெரிந்த மனுஷர் இந்தப் பாக்டரியில் ஒருவர்தான். அதனால்தான் இரண்டு முழம் தள்ளி நிற்கச் சொல்லி அவரே எழுதி வைத்தார். ஒரு வருஷமாக அந்தக் காந்தத்தைச் சுற்றி விலகி நடந்தவர், செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு தடவை கையை உள்ளே விட்டிருக்கிறார். வலது கையில் குடை. விட்டது கடிகாரம் கட்டிய கை.

இசக்கியம்மாள் எஸ்.ஐ.யின் தீப்பெட்டியிலிருந்து குண்டூசியை எடுத்து, சின்னத்துரையின் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் நூலில் தொங்கவிட்டாள். ஊசி லேசாக ஆடி, கடிகாரப் பக்கமாகத் திரும்பி நின்றது. சின்னத்துரை சட்டென்று கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். வெகு காலமாகப் பிறர் நேரத்தைத் திருத்திக்கொண்டு இருந்தவருக்கு, தன் நேரம் தப்பு என்பது அட்டிகையைவிடப் பெரிய அவமானமாக இருந்தது போலும்.

"ஒரு நொடிதான் கைய விட்டேன்" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு விளங்கியது.

மீதியைக் கண்டுபிடிக்கத் துப்பறியும் வேலையே தேவைப்படவில்லை. இந்தப் பாக்டரியில் மேனேஜரைத் தவிர யாரும் திறக்காத கதவு எது என்று இசக்கியம்மாள் ராஜாவைக் கேட்டாள். அவர் வாயைத் திறக்கும் முன் அருளப்பன், சங்கு அறை என்றான். சாவி மேனேஜர் கோட்டுப் பையில். சங்குக்கு எண்ணெய் போடும் டப்பாவுக்குள், கிரீசில் முக்கி, அட்டிகை கிடந்தது. ராஜா அதைத் துண்டில் துடைத்துக்கொண்டே, எம்புட்டு நம்பினேன், எம்புட்டு நம்பினேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு இருந்தார். மேனேஜர் கடிகாரம் தப்பாக இருக்காது என்று நேற்றுத்தான் தன் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தையும் இருபது நிமிஷம் முன்னால் தள்ளி வைத்தாராம். பேச்சிமுத்து அதற்கும் ஒரு கேலி வைத்திருந்தான். ஆனால் அந்த மனுஷர் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்து விழுங்கிவிட்டான்.

ஒரு மணிக்கு, அதாவது உண்மையான ஒரு மணிக்கு, எலியேசர் போலீஸ் ஸ்டேஷன் படியிறங்கினான். ஜெயக்கொடி அடுத்த வண்டியில் வந்து காத்துக்கொண்டு இருந்தாள். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் பிடித்து, பத்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்கி நிமிர்த்திப் பார்த்தாள். பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. பேச்சிமுத்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பபூன் வேஷம் கட்டியவன் நடுத்தெருவில் கண்ணைத் துடைப்பது நன்றாக இருக்காது.

வேப்பமரத்தடியில் அருளப்பன் நின்றான். தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டு, அண்ணே என்று மட்டும் சொன்னான். எலியேசர் அவனைத் தாண்டிப் போய், முத்துவீரனிடம் தன் ஈயை ஒரு தடவை பார்க்கக் கேட்டு வாங்கினான். இசக்கியம்மாளிடம் இருந்த டின்னை வாங்கித் திறந்து, ஊசியை எடுத்து ஈயைத் தொட்டான். ஊசி துள்ளி ஒட்டிக்கொண்டது. அவன் முகம் சிவந்ததை அப்போதுதான் முதல் தடவையாகப் பேச்சிமுத்து பார்த்தான். லாக்கப்பில் ஒரு ராத்திரி கிடந்தபோதுகூட அப்படிச் சிவக்கவில்லை.

"எம்புட்டு நாளா என் ஈய அந்தக் காந்தத்துல வைக்க?"

"ஒரு வருசமா" என்றான் அருளப்பன்.

"ஏலே, நீ வாயத் தொறக்காம இருந்தத நான் கர்த்தர்ட்ட விட்டுட்டேன். அவர் பாத்துக்கிடுவாரு." எலியேசர் அந்த ஈயை அவன் முகத்துக்கு நேரே நீட்டினான். "இத நான் உன்னத்தான் கேப்பேன்."

பிறகு டின்னில் இருந்த ஈக்களை ஊசியில் தொட்டுப் பார்த்து, ஒட்டாத ஈ ஒன்றை எடுத்து, அருளப்பன் தொப்பியில் அவனே செருகிவிட்டான். நாளையிலிருந்து இதை மூங்கில் குழாயில் போட்டு வாசலில் காவல்காரரிடம் கொடுத்துவிட்டுப் போ என்று சொல்லிக்கொண்டே நடந்தான். அருளப்பன் தொப்பியைத் தலையில் வைக்காமல், இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தபடி, அவன் பின்னாலேயே ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் போனான்.